நட்சத்திரப் பல்

தொலைபேசியில் என் குரல் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நேரில் பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு பிடிக்காது, முகத்தில் எப்போதும் ஒரு கடுகடுப்பு. என் புருஷன்கூடக் குரலைக் கேட்டு மயங்கி வந்தவன்தான்; முகத்தோடு கொஞ்ச காலம் குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். இந்தக் குரலைப் பற்றி முதலில் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் மாவட்டம் அரிசோனாவின் தெற்கு ஓரம். வேலிக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ, இந்தப் பக்கம் வெயில். பாலைவனத்தில் நடந்து வருகிறவர்களில் சிலர் வந்து சேர்வதில்லை. மாடு தேடிப் போகிறவர்களோ வேட்டைக்குப் போகிறவர்களோ எலும்பைப் பார்த்துத் தகவல் சொல்வார்கள். அது எங்கள் சவக்கிடங்குக்கு வரும். டாக்டர் கிரெய்டன் எலும்பை மேசையில் அடுக்கி வயது, உயரம், பழைய முறிவு எல்லாம் சொல்லிவிடுவார். பெயரை மட்டும் அதைப் பெற்றவள்தான் சொல்ல வேண்டும். அந்த அம்மாக்களோடு பேசுவது என் வேலை. டாக்டருக்கு ஸ்பானிய மொழியில் 'ஆமாம்', 'நன்றி', 'பீர்', இவ்வளவுதான் தெரியும். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அவர் கேட்பார், நான் மொழிபெயர்ப்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள், நான் திருப்பிச் சொல்வேன். நடுவில் இருந்தது நான் ஒருத்திதான்.

குவாத்தமாலா மலையில் சான் பெர்னபே என்று ஒரு கிராமம். அங்கிருந்து பாஸ்குவாலா என்ற அம்மா திங்கட்கிழமை தோறும் கூப்பிடுவாள். திங்கள் அவர்களுக்குச் சந்தை நாள், சந்தைக்கு இறங்கினால்தான் கடைக்காரன் தொலைபேசி கிடைக்கும். அவளுடைய பாஷை வேறு. ஸ்பானிய மொழி அவள் வாயில் கல்லும் உமியுமாக வரும்.

"தாயி, நான்தான் எவுலாலியோ அம்மா. எம்புள்ள கெடச்சானா?"

"இன்னும் இல்லம்மா."

"சரி தாயி. நீ சாப்டியா?"

நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்காத திங்கள் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. என் வீட்டிலும் கேட்க ஆள் இல்லை. அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது, அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அவள் மகனுக்கு முன்பல்லில் தங்கத்தில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கும் என்று சொல்லியிருந்தாள். ஒரு கோடையில் ஓடைக்கரை முள்மரத்தடியில் ஓர் இளைஞனின் எலும்புகள் கிடைத்தன. வெயிலில் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. முன்பல்லில் நட்சத்திரம். மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம்தான். முடிவு வர ஒரு வருஷம்கூட ஆகும், அம்மாவின் எச்சில் வேறு அந்த மலையிலிருந்து வர வேண்டும். மற்றதெல்லாம் பொருந்தினால் டாக்டர் அம்மாவின் வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பொருந்தியது. பெட்டி போனது. அந்த ஊரில் உடல் இல்லாமல் ஒன்பது நாள் ஜெபம் வைப்பதில்லை. உடல் வராத வீட்டில் இரவில் கதவுக்குத் தாழ்ப்பாளும் போடுவதில்லை, வருகிறவன் திரும்பிப் போய்விடக் கூடாதென்று. பாஸ்குவாலா வீட்டில் ஜெபம் நடந்தது என்று கேள்விப்பட்டபோது எனக்கு மனது நிறைந்துபோனது. அதன்பிறகு திங்கட்கிழமை அழைப்பு நின்றது. அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊருக்கு நாங்கள் அதற்கு முன்பும் சிலரை அனுப்பியிருந்தோம், எல்லாம் சரியானவர்கள். தூதரகத்திலிருந்து என்னைப் பாராட்டி ஒரு கேடயம் கொடுத்தார்கள். டாக்டர் விருந்தில் எழுந்து, "ஹெர்லிண்டா இல்லன்னா இவங்க எல்லாரும் அட்டைப்பெட்டியிலதான் கெடந்திருப்பாங்க" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம் டெக்சாஸ் சிறை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. சிறைக்கு வரும் பாதிரியார் எங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார்.

"அக்கா, எம்பேரு எவுலாலியோ கால்மோ. சான் பெர்னபே. எங்க வீட்டுக்கு ஒரு சேதி சொல்லணும்."

நான் உட்கார்ந்துகொண்டேன். பையன் பேசிக்கொண்டே போனான். வழியில் கடத்தல்காரர்கள் முதுகில் மூட்டையைக் கட்டிவிட்டார்களாம், அதோடு பிடிபட்டானாம். கடைக்காரனின் எண்ணை அம்மா கால்சட்டை இடுப்புப் பட்டியில் தைத்துக் கொடுத்தாளாம், பிடித்தவர்கள் கால்சட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

"ஒனக்குப் பல்லுல நட்சத்திரம் இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

சிரித்தான். "எங்க ஊர்ல எவனுக்குத்தான் இல்ல? திருவிழாவுக்கு ஒரு பல்லு வைத்தியன் வருவான், ஒரே அச்சு வச்சிருப்பான். வடக்க போறவன் வெறும் வாயோட போனா பஞ்சத்துக்குப் போறவன்னு நெனச்சிருவாங்கல்ல. பயந்தாங்கொள்ளிங்கதான் வச்சுக்க மாட்டாங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இவன் ஊருக்குப் போய் நின்றால் என்ன ஆகும்? அந்தப் புதைகுழியைத் தோண்டுவார்கள். அதோடு விடுவார்களா? அந்த ஊருக்கு நாங்கள் அனுப்பியவர்களின் ஒவ்வொரு குழியையும் தோண்டுவார்கள். சரியான பிள்ளையைப் புதைத்த தாய்கூட இவன் என் மகன்தானா என்று மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருத்தன் உயிரோடு வந்ததற்காக இத்தனை பேரும் நிம்மதியை இழக்க வேண்டுமா? தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒருத்தன், மறுபக்கம் ஓர் ஊர்.

"தம்பி, மனசத் தேத்திக்க," என்றேன். "உங்கம்மா போன வருஷம் தவறிட்டாங்க. உன் சம்சாரம் வேற ஒருத்தரோட கடலோரத் தோட்டத்துக்குப் போயிட்டா. வீடு பூட்டிக் கெடக்கு."

அவனுக்குச் சம்சாரம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் மறுக்கவில்லை, அதனால் இருந்திருக்க வேண்டும்.

"யாரு அக்கா எடுத்துப் போட்டாங்க எங்கம்மாவ?" என்றான்.

"ஊரே கூடிச் செஞ்சாங்கப்பா. ஒரு குறையும் வைக்கல."

"என்னயக் கேட்டாங்களா?"

"கடைசி வரைக்கும்."

இதை நான் எவ்வளவு இதமாகச் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை இலகுவாகிவிட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்றால், ஒரு சாவை நடத்த ஒரு பொய் சொல்லக் கூடாதா? கிடங்கில் பெயரில்லாத எலும்புகள் ஒரு பக்கம், பிள்ளை இல்லாத தாய்கள் ஒரு பக்கம். நடுவில் நான். டாக்டர், "இடது கை முறிஞ்சிருந்துச்சான்னு கேளு" என்பார். நான் ஸ்பானிய மொழியில், "பையன் நல்லா சாப்பிடுவானாம்மா?" என்று கேட்பேன். அவள் அழுதுகொண்டே, "ஆமா, ஆமா" என்பாள். அந்தச் சொல்தான் டாக்டருக்குத் தெரியுமே. "ஆமாம், கழுதை மேலிருந்து விழுந்தானாம்" என்று மொழிபெயர்ப்பேன். 'ஆமா' என்று பதில் வரும்படி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கோயிலுக்குப் போவானா, அம்மா மேல் பாசமா. எந்தத் தாயும் இல்லை என்று சொன்னதில்லை. எத்தனை பேரை அப்படி அனுப்பினேன் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். ஒருத்திகூட என்னிடம் வருத்தப்பட்டுப் பேசியதில்லை என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த வசந்தத்தில் ஒருவன் வந்தான். எலும்பு இன்னும் வெயிலில் வெளுக்காமல் மஞ்சளாக இருந்தது, செத்து அதிக நாள் ஆகவில்லை. முன்பல்லில் நட்சத்திரம். இடது கணுக்காலுக்கு மேல் சிறு வயதில் முறிந்து கூடிய இடம் விரல் கணுபோல மேடிட்டிருந்தது. கால்சட்டையின் இடுப்புப் பட்டியில் மையால் ஒரு தொலைபேசி எண்.

"இது நம்ம நம்பர் ஆச்சே," என்றார் டாக்டர்.

"தூதரகத்துல எல்லாருக்கும் கொடுக்கறாங்க டாக்டர். பாதி பாலைவனம் நம்ம நம்பரோடதான் நடக்குது."

சிறையிலிருந்து வெளியே விட்டதும் எவுலாலியோவை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவன் தன்னை மெக்சிகோக்காரன் என்று பொய் சொல்லியிருக்கிறான். அப்படிச் சொன்னால் வேலிக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவார்கள், மறுபடி நடக்கலாம். ஊருக்குப் போக ஆசை இருப்பவன் அதைச் செய்ய மாட்டான். அவன் தானாக எடுத்த முடிவு, யாரும் அவனைப் பாலைவனத்துக்குள் தள்ளவில்லை.

இங்கேதான் என்னைப் பற்றி நீங்கள் தவறாக நினைக்கிறீர்கள். அவனை நான் அட்டைப்பெட்டியில் விட்டுவைத்திருக்கலாம். அதுதான் எனக்குப் பத்திரம். மனது கேட்கவில்லை. அவன் தன் ஊர் மண்ணுக்குப் போக வேண்டும் என்று பட்டது. அம்மாவிடம் அனுப்ப முடியாது, அங்கே குழி நிறைந்துவிட்டது. சான் பெர்னபேயில் தொமாசா என்று இன்னொருத்தி, பாஸ்குவாலா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறவள். அவள் மகன் நிக்கனோர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவளை அழைத்தேன். டாக்டர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"பல்லுல நட்சத்திரம், சின்ன வயசுல இடது காலு ஒடிஞ்சது. கேளு ஹெர்லிண்டா."

"தொமாசாம்மா, நிக்கனோர் உங்க மேல உசுரா இருப்பானா?"

"ஆமா. ஆமா தாயி."

அக்கம்பக்கத்துப் பெண்ணாக பாஸ்குவாலா அந்தச் சாவுக்கு வருவாள், அவனுக்காக ஒரு பொட்டுக் கண்ணீராவது விடுவாள் என்று கணக்குப் போட்டேன். தாய் கையால் ஒரு பிடி மண் விழும். இதைவிட என்ன செய்ய முடியும்? உண்மையான நிக்கனோரை இனி யார் தேடுவார்கள் என்று கேட்கிறீர்கள். அவன் எங்காவது நன்றாகத்தான் இருப்பான்.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று முத்திரை வைத்துத்தான் அனுப்புகிறோம். அவர்கள் திறப்பார்கள். வெறும் எலும்பாகப் பிள்ளையை மண்ணுக்குள் வைக்க மாட்டார்கள். கோடு போட்ட சிவப்புக் கால்சட்டை, தொப்பி, வழிக்குக் குடிக்கத் தண்ணீர் எல்லாம் வைத்து உடுத்திவிடுவார்கள். ஊர்ப் பெண்கள்தான் அதைச் செய்வது. தொமாசா நட்சத்திரத்தைப் பார்த்து, என் பிள்ளை பல் வைத்தியனைக் கண்டாலே ஓடுவானே என்று திகைத்து நின்றிருக்கிறாள். பாஸ்குவாலா கால் எலும்பை எடுத்துத் துடைத்திருக்கிறாள்.

அவள் ஊர்ப் பாதிரியாரிடம் போனதும், அவர் எழுதிப்போட்டதும், நீங்கள் விசாரணைக்கு வந்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவள் என்னை அழைத்தது தெரியாது. திங்கட்கிழமைதான்.

"தாயி, எவுலாலியோ அம்மா பேசறேன். எம்புள்ள வந்துட்டான். தொமாசா வீட்டுக்கு வந்துட்டான்."

"அம்மா, அது நிக்கனோர்."

"சோளப் பரண்லேருந்து விழுந்து காலு ஒடிஞ்சப்ப மூங்கிப் பத்தை வச்சுக் கட்டுனது நானு. கோணலாக் கட்டிட்டேன். அந்த மேடு என் வெரலுக்குத் தெரியாதா?"

காலால் அறைக் கதவைத் தள்ளிச் சாத்தினேன்.

"மொத வந்த புள்ளைக்கு ரெண்டு காலும் நேரா இருந்துச்சு தாயி. உடுத்தறப்பவே தெரிஞ்சுபோச்சு. எவ பெத்ததோ. திருப்பி அனுப்புனா நீங்க பெட்டியில போட்டு வப்பீங்க. அதான் எம்புள்ளையாவே பொதச்சேன். வாயத் தொறந்தா அவனப் புடுங்கிட்டுப் போயிருவீங்கன்னுதான் போன் பண்றத நிறுத்துனேன். கதவு தாழ்ப்பாள நான் போடவே இல்ல."

ஒன்று விட்டுப்போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலிலேயே, நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டபோதே, அவள் இந்தக் கால் கதையைச் சொன்னாள். டாக்டர் கேட்டார், "என்ன சொல்றாங்க?" மேசையில் இருந்த எலும்புகளில் முறிவு இல்லை. கால் பற்றி ஒன்றும் இல்லை, அழுகிறாள், அவ்வளவுதான் என்றேன். அத்தனை திங்கட்கிழமை அவளிடம் இல்லை இல்லை என்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஒரு தடவை ஆமாம் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றாள் பாஸ்குவாலா. "இந்த எலும்பு புதுசு. நடுவுல அவன் உசுரோட இருந்திருக்கான். ஒனக்கு எப்பவாச்சும் போன் பண்ணானா? அம்மா எங்கன்னு கேட்டானா?"

அவள் நிம்மதியை நினைத்தேன். எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். என் குரலை எவ்வளவு மென்மையாக்க முடியுமோ அவ்வளவு மென்மையாக்கி, "இல்லம்மா. ஒரு தடவகூடப் பண்ணல," என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். இவ்வளவு செய்திருக்கிறேன், நான் சாப்பிட்டேனா என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை; எனக்கு அந்த ஒரு வருத்தம்தான்.