மசாலாப்பொடி கடை முதலாளி

"நான் ஒரு கடைக்கு முதலாளின்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்க்கா."

திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் ஜன்னலை விட்டுத் திரும்பினேன். கழுத்தில் மில் அடையாள அட்டை தொங்கியது. பக்கத்தில் கொஞ்சம் வயதில் மூத்த தோழி.

"என்ன கடைடி?"

"எங்க வீட்டுக்காரரு நடத்துற மசாலாப்பொடி கடைதான். கணக்கே காட்டலைன்னு ஜிஎஸ்டில இருந்து என் பேருக்கு நோட்டீஸ். இப்பத்தான் ஆடிட்டரைப் பாத்துட்டு வாரேன்."

"நீ கையெழுத்துப் போட்டியா?"

"எங்கக்கா போட்டேன்? பொம்பளை பேருன்னா மானியம் கூடக் கெடைக்கும்னு ஆதாரையும் பான் கார்டையும் வாங்கிட்டுப் போனாரு. மில்லுல நிக்கும்போது போன் பண்ணி, ஓடிபி வந்திருக்கும் சொல்லுன்னாரு. சொன்னேன்."

"அதுதான்டி கையெழுத்து. என் தையல்கடையைப் பதியும்போதே சொன்னாங்க. யாரு பேர்ல கடையோ, அபராதமும் கடனும் அவுக தலையிலதான்."

"ஒருநா கல்லாப் பக்கம் போனதுக்கு, ஒனக்கு இங்க என்ன வேலைன்னு வெரட்டுன மனுசன்க்கா அவரு."

பஸ் தாடிக்கொம்பைத் தாண்டியது. பிறகு மில்காரப் பெண் கேட்டாள்.

"அப்ப லாபம்?"

"அதுவும் ஒன்னோடதுதான்."

அவள் போனை எடுத்தாள்.

"நாளைக்கு நான் மில்லுக்குப் போகல. கடைக்கு வாரேன். கல்லாச் சாவியை எடுத்து வைங்க."

அந்தப் பக்கம் புருஷன் ஏதோ கேட்டான்.

"எனக்கு அங்க என்ன வேலையா? வீட்டுக்கு வந்து, நோட்டீஸ்ல யாரு பேரு போட்டிருக்குன்னு படிங்க. படிச்சிட்டுக் கேளுங்க."