எழும்பிய சனமும் படுத்துப்போன படமும்

இந்தச் சபைக்குத் தலைமை தாங்கி, தாங்கிய பாரத்தினால் சற்றே கண்ணயர்ந்துமிருக்கும் பெருமதிப்புக்குரிய அம்பலவாணர் ஐயா அவர்களே, விடியமுன்னமே வந்து முன்வரிசைக் கதிரைகளைக் கைப்பற்றிக்கொண்ட ஊர்ப் பெரியோர்களே, கதிரை கிடையாமல் நாரி நோகப் பின்னால் நிற்கும் என் அன்புத் தாய்மார்களே, கூட்டம் முடியச் சிற்றுண்டி உண்டு என்று கேள்விப்பட்டு இறுப்பிட்டியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த தமிழ்ப் பற்றாளர்களே, எல்லோருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கம்.

கரம்பொன் சனசமூக நிலையத்தின் கணினி அறை திறக்கப்படும் இந்த நன்னாளில், 'வீட்டு இணையமும் அதன் பழுதுகளும்' என்று பேச, கணினி மேதை என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். மேதை! அந்தா, என் மனைவி சறோஜினிதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. வீட்டில் மின்குமிழ் மாற்றவே ஆள் பிடிக்கிற மேதை நான் என்பது அவவுக்குத் தெரியும். இருந்தாலும் சபையோரே, இந்த மேதை ஒரு பழுதைக் கண்டுபிடித்த கதை ஒன்று உண்டு. கேளுங்கோ.

என் அயல்வீட்டு அக்கா மேரிஜோசப்பினை அறியாதார் இங்கு ஆர்? அவவின் ஒரே மகள் அனோஜினிக்குச் சென்ற ஆவணியில் பரிஸ் நகரத்து வேதக்கோயிலில் கல்யாணம். தாய்க்கு விசா இல்லை. விமானம் ஏற்றி அனுப்பிய நாள் தொட்டு மகளின் முகத்தை நேரே காணாத தாய், கழுத்தில் தாலி ஏறுவதையும் காணாமல் இருப்பதா? இருக்க விடுவாரா மாப்பிள்ளை? கல்யாணப் பூசையை இணையத்தில் நேரடியாக விட ஒழுங்கு செய்து, மடிக்கணினியும் வயர்லெஸ் பெட்டியும் அனுப்பிவைத்தார். தொலைபேசிக் கம்பி வருகிற விறாந்தை யன்னலில் பெட்டி. வீட்டு மண்டபத்தின் மறு முனையில், மேசைமேல் மடிக்கணினி. நடுவிலே பாய் விரித்து ஊர்ச்சனம். முன்னுக்கு ஒற்றைக் கதிரையில், முழங்கால் வருத்தத்தோடு அக்கா.

என்ன கேட்கிறீர்? இரண்டையும் வயரால் பூட்டியிருக்கலாமே என்றா? நீல வயர் ஒன்று பெட்டியோடு வந்ததுதான். அக்காவின் புருசன் குருசுமுத்தண்ணை அதை இழுத்துப் பார்த்து, நல்ல உரம் என்று மெச்சி, வள்ளம் கட்டக் கொண்டுபோய்விட்டார். அன்றைய தினம் எங்கள் இணையம் வயரில்லாமல் வந்தது. அண்ணையின் வள்ளம் இணைய வயரில் ஆடியது.

மணப்பெண் கோயிலுக்குள் நுழைகிறாள். படம் நின்றது. வாய் திறந்தபடி பாடகர்கள், காற்றில் தொங்கியபடி பூச்செண்டு, நடுவிலே சுற்றிச் சுற்றி ஒரு வட்டம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியை அணைத்து ஏற்றினேன். வாசகம் வாசிக்கப் படம் வந்தது. என் கைராசி என்றார்கள், நானும் மறுக்கவில்லை. நற்செய்தி வாசிப்பு வந்தது, படம் போனது. பழுது பரிஸிலா? பழுது பெட்டியிலா? பழுது பனையில் இருந்த காகத்திலா? காகத்தைக் கலைக்கவும் ஆள் அனுப்பினேன், ஐயா. பெட்டியில் பச்சை விளக்குகள் என்னவோ பளிச்சென்று எரிந்தபடியே இருந்தன.

பிறகு பிரசங்கம். அது மட்டும் ஓர் எழுத்துச் சிந்தாமல், ஒரு முறைகூட நில்லாமல், நீண்டு, நெடுத்து, நிறைந்து வந்தது. தொழில்நுட்பத்துக்கும் ஒரு குசும்பு வேண்டாமோ?

அந்தப் பிரசங்கத்தின் நடுவிலே, எங்கள் ஊர்க் கோயில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை வெற்றிலை துப்ப எழும்பினார். அவரின் ஆகிருதி நீங்கள் அறிவீர்கள். படம் நின்றது. திரும்பி வந்து பாயில் இருந்தார். படம் ஓடியது. எனக்குள் ஏதோ பொறி தட்டியது.

"அண்ணை, ஒருக்கா எழும்புங்கோ" என்றேன். எழும்பினார். நின்றது. "இருங்கோ" என்றேன். ஓடியது. மூன்றாம் முறை தனக்கு மாலை போடப்போகிறேன் என்று நினைத்து மனிதர் சால்வையையும் சரிசெய்தார்.

சபையோரே, பரிஸிலிருந்து கடல் தாண்டி, மலை தாண்டி வந்த படத்துக்கு, பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே பாயிலிருந்து எழும்பிய நாங்கள்தான் மதில். கோயிலில் எழும்பும் இடமெல்லாம் வீட்டிலும் எழும்பினோம். சைவக்காரனாகிய நானும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் பார்த்துப் பக்தியோடு எழும்பினேன். மரியாதைக்கு எழும்பினோம், மணப்பெண்ணை மறைத்தோம். பக்திக்கு எழும்பினோம், பெற்றவளின் கண்ணை மறைத்தோம். பிரசங்கத்துக்கு மட்டும் இருந்தோம், அதை முழுசாய் வாங்கிக் கட்டினோம்.

இதை அங்கே சனத்துக்கு நான் சொல்லி முடிக்கமுன், சுவாமியார் மணமக்களிடம் சம்மதம் கேட்கும் நேரம் வந்துவிட்டது. மூப்பர் எழும்பிவிட்டார். அவருக்குப் பின்னால் மண்டபம் முழுவதும் எழும்பியது. வட்டம் சுற்றியது. இருங்கோ என்று நான் தொண்டை கிழியக் கேட்டேன்.

"சம்மதம் கேட்கேக்கை இருக்கிறதோ? கோயில் ஒழுங்கு உமக்கென்ன தெரியும்?" என்றார் மூப்பர்.

அக்கா திரும்பினா. கத்தவில்லை. "மூப்பர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், இருங்கோ. ஆண்டவர் கோவிச்சால் நான் கதைக்கிறன்."

மூப்பர் இருந்தார். காற்றுக்குச் சாயும் நெற்பயிர்போலச் சனமெல்லாம் இருந்தது. படம் வந்தது. முக்காட்டுக்குள்ளே அனோஜினியின் முகம். சுவாமியார் பிரெஞ்சில் கேட்க, பிள்ளை தடுமாறி, சுத்தக் கரம்பொன் தமிழில், "ஓம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு அக்கா எழும்பிவிட்டா. முழங்கால் வருத்தம் எங்கே போனதோ, கதிரையைத் தள்ளி, மேசையில் கையூன்றி நின்றா. படம் நின்றுவிட்டது, மகள் சிரித்த முகத்தோடே. தாலியும் காணவில்லை, மிச்சப் பூசையும் காணவில்லை. ஆனாலும் இருங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை. மூப்பரும் சொல்லவில்லை. பழுது எதுவென்று நன்றாகத் தெரிந்தும் இந்த மேதை திருத்தாமல் விட்ட ஒரேயொரு பழுது அதுதான்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. முன்வரிசைப் பெரியோரே, கை தட்டுவதற்கு எழும்பாதேங்கோ. பின்னுக்கு மேரிஜோசப்பின் அக்கா நிற்கிறா, அவவுக்கும் மேடை தெரியட்டும். அம்பலவாணர் ஐயாவை மட்டும் ஆராவது எழுப்பிவிடுங்கோ. வணக்கம்.