திரை கட்டாத இடம்

வில்லியனூரில் மதிய ரயில் ஏறியதும் என் எதிரில் ஒரு புதுமணத் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். நான் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். அந்தப் பெண் வாயைத் திறந்ததும் பாடம் போய்விட்டது.

"பாட்டு எப்படி இருந்தாலும் பரவால்லங்க. நடுவுல திரை கட்டாத எடமா கூட்டினு போங்க."

"நாடகக் கொட்டாய்க்குன்னு சொல்லித்தானே அம்மாகிட்ட உத்தரவு வாங்கினேன்? புதுச்சேரியிலயே நல்ல ஆர்மோனியம் அங்கதான்."

"அங்க ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். அதுக்கு நம்ம வூடே போதுமே. கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க பக்கத்துல உக்காந்தது இந்த ரயில்லதான்."

அவன் ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

"வெள்ளைக்காரங்க கிளப்புல புருஷன் பொண்டாட்டி கைகோத்துக்குனு ஆடுறாங்களாம். நம்மள வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"எனக்கு ஆடவெல்லாம் வேணாம்."

"அப்ப கடற்கரை. சாயங்காலம் பேண்டு வாசிப்பாங்க. ஆனா நின்னுக்குனேதான் கேக்கணும்."

"பக்கத்துல பக்கத்துலதானே நிப்போம்?"

"ஆமா."

"அப்ப அங்கியே போலாம்."

கொஞ்ச நேரம் கழித்து அவனுக்குக் கவலை வந்துவிட்டது. "நாடகத்துல இன்னா கதைன்னு அம்மா கேட்டா?"

"பொம்பளைங்க பக்கம் ஒரே கொழந்தை அழுகை, ஒண்ணும் காதுல வுழல அத்தைன்னு சொல்லிடுவேன்."

"என்னக் கேட்டா?"

"நீங்க தூங்கிட்டீங்க. அத அவங்க உடனே நம்பிடுவாங்க."