தெளியாத தொட்டி

...இதெல்லாம் ஒரு பொடியாண்ணே? மிச்ச மூட்டைய நீங்களே திரும்பத் தூக்கிட்டுப் போயிடுங்க. முருங்கை விதைப் பொடியாம்! தண்ணில கலந்தா போதுமாம்! கண்ணுக்கே தெரியாத பாசியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கட்டிகட்டியா அடியில போய் உக்காந்துடுமாம். மேல தெளிஞ்ச தண்ணிய எறக்கிட்டு அடியில உள்ளத வழிச்சுக்கலாமாம். நீங்க விக்கும்போது சொன்னதுதானே? எங்க உக்காருது? எட்டிப் பாருங்க... பச்சப்பசேல்னு, சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி!

முன்னாடி பாசி பிரிக்கிற மிஷின் இருந்துச்சு. கரண்ட்ட குடிச்சுச்சு, இல்லேங்கல. ஆனா சுத்துனா பாசி தனி, தண்ணி தனி. என் சம்சாரம்தான் அத வித்துட்டு உங்க பொடிய நம்புனா. நாளைக்கு மீன் பண்ணைக்காரங்க மீன் தீனிக்கு நாங்க வளக்குற பாசிய எடுக்க வந்து நிப்பாங்க. இந்தத் தொட்டியும் தெளியலேன்னா இந்தத் தொழிலே வேணாம், பழையபடி அடுத்தவன் ஆபீசுக்கே வேலைக்குப் போறேங்கிறா. எனக்கு மனசு கேக்குமா?

என்னது, அளவா? அதெல்லாம் அவ தராசுல நிறுத்துதான் போடுறா. மொதல்ல வேகமா ஒரு கலக்கு, அப்புறம் மெதுவா, அப்புறம் கையே வைக்கக் கூடாதுன்னுட்டுப் போயிடுவா. கையே வைக்கக் கூடாதாம்! பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா? நான்தான் இந்தக் கொட்டகைக்குள்ள தொட்டி பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துருக்கேன். கொஞ்சம் கட்டி சேர்ற மாதிரி தெரியும். சரி, நாமளும் ஒத்தாசை பண்ணுவோம்னு எந்திரிச்சு நல்லா ஒரு கலக்கு கலக்குவேன். அவ்வளவும் கரைஞ்சு போயிடும்ணே! ஒவ்வொரு தடவையும்! உங்க பொடி லட்சணம் அப்படி.

இன்னொன்னு கேளுங்க. போன வாரம் அக்காவ ஆஸ்பத்திரில சேத்திருந்தாங்கன்னு போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா தொட்டி கண்ணாடி! அடியில பாசி, மெத்தை விரிச்சாப்ல. நான் இல்லாத அன்னிக்குன்னு பாத்து தெளிஞ்சிருக்கு. திமிரு பாத்தீங்களா?

ஏன் சிரிக்கிறீங்க?... எங்க கிளம்பிட்டீங்க? அவகிட்டயா? நல்லா கேளுங்க, இருங்க, நானும் வெளிய வர்றேன்... அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? ஏம்மா, கொட்டகைய எதுக்குப் பூட்டுற? நாளைக்குக் காலையிலதான் தொறப்பியா? அப்ப உள்ள யார்ம்மா பாத்துக்கிறது!