பொன்னுரங்கத்தின் பாயில் இருந்த படம் குறித்து

பெயர் யூனிஸ். தந்தை பெயர் ஜெபராஜ். வயது இருபத்து நான்கு. செங்கல்பட்டு மாவட்டம் கிழக்குத் தாம்பரத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். அங்குள்ள பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சரித்திர ஆசிரியையாக வேலை பார்க்கிறேன்.

கடந்த நவம்பர் இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை மாலை, கோவளம் கடற்கரையில், மீனவர் பொன்னுரங்கத்துக்கு நான் நன்றி சொல்லவில்லை. இது வழக்குக்கு வேண்டியதில்லை என்று இந்தப் போலீஸ் ஸ்டேஷன் சப் இன்ஸ்பெக்டர் ஸ்ரீரங்கன் அவர்கள் சொன்னார்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் முதலில் எழுதிக்கொள்ளப்பட்டது.

பொன்னுரங்கத்தை அவருடைய தங்கை தனம் மூலமாக எனக்குத் தெரியும். தனம் கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவர். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில், சரித்திரத்தில் பெயர் பெற்ற கடற்கொள்ளையர்களைப் பற்றி என் வகுப்பு மாணவிகள் நாடகம் போடுவதாக இருந்தது. மேடையில் கப்பல் கட்ட முடியாது, ஒரு பாய்மரப் பாய் விரித்தால் போதும், மற்றதைப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அதன் பிறகு தனத்திடம் விசாரித்தேன். "எங்கண்ணன் கட்டுமரத்துப் பாயி சும்மாதான் சுருட்டி வச்சிகீது டீச்சரம்மா. வாடக்காத்துல கடலு நல்லால்ல, ஒருத்தரும் எறங்கல" என்று தனம் சொன்னார். மறுநாளே அந்தப் பாயைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அன்று அவர் மீன் கூடை கொண்டுவரவில்லை.

பெண் பிள்ளைகளுக்குக் கொள்ளைக்காரன் கதை எதற்கு என்று சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார்கள். கொள்ளையர் எல்லோரும் ஆண்கள் அல்ல என்று பதில் சொன்னேன். சீனாவில் ஒரு விதவை நூற்றுக்கணக்கான கப்பல்களை நடத்தி, கடைசியில் அரசாங்கத்தோடு சமாதானம் பேசி, மன்னிப்பு வாங்கி, வயதாகித் தன் வீட்டிலேயே இறந்தாள் என்பதைச் சொன்னேன். ஸ்பெயின்காரர்கள் கொள்ளைக்காரன் என்று ஏசிய ஆங்கிலேய மாலுமி டிரேக்குக்கு அவருடைய ராணி கப்பல் தட்டிலேயே பட்டம் கொடுக்க வைத்ததையும், போர்த்துகீசியர் கொள்ளையர் என்று எழுதிவைத்த மரைக்காயர்கள் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாக இருந்ததையும் சொன்னேன். அரசன் கையெழுத்திட்ட உத்தரவோடு எதிரிக் கப்பலைப் பிடித்தவனுக்கு மரியாதை, அதே காரியத்தை உத்தரவில்லாமல் செய்தவனுக்குத் தூக்கு என்பதுதான் நாடகத்தின் சாரம் என்றும் சொன்னேன்.

"அப்ப கையில கடுதாசி இருந்தா அவன் கொள்ளைக்காரன் இல்ல. அப்படித்தானே டீச்சர்?" என்று கேட்டார்கள்.

பல பேர் விஷயத்தில் அப்படித்தான், பொன்னுரங்கத்திடம் கடுதாசி ஒன்றும் இல்லாததால்தான் நான் வந்தேன் என்று சொன்னேன்.

கொள்ளையர் கொடியில் வருகிற மண்டையோட்டையும் குறுக்கெலும்புகளையும் அந்தப் பாயில் சுண்ணாம்பால் வரைவது என்றும், நாடகம் முடிந்ததும் துவைத்துத் திருப்பிக் கொடுப்பது என்றும் ஏற்பாடு. ஒத்திகை அன்று நான் பார்த்தபோது அது சுண்ணாம்பு அல்ல, பள்ளிக்கூட ஜன்னல்களுக்கு அடித்து மீந்திருந்த வெள்ளைப் பெயிண்ட். படம் நன்றாக வந்திருந்தது. பல்வரிசை மிகவும் ஒழுங்காக இருந்தது. நாடகம் முடிந்த பிறகு மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துப் பார்த்தோம். பெயிண்ட் போகவில்லை, இழுபட்டு வாய் மட்டும் இன்னும் அகலமாயிற்று.

பெயிண்ட் அடித்த மாணவி யார் என்று கேட்டதற்கு, அவள் பெயரைச் சொல்ல மாட்டேன், பொறுப்பு என்னுடையது என்று சொன்னேன். "அந்தப் பொன்னுரங்கமும் நேத்துலேர்ந்து இதையேதான் சொல்றான். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா?" என்று சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார்கள்.

அதன் பிறகு, மேலே சொன்ன சனிக்கிழமை, பாயை எடுத்துக்கொண்டு பஸ் மாறிக் கோவளம் போனேன். பொன்னுரங்கம் அதை மணலில் விரித்துச் சிறிது நேரம் பார்த்தார். புதுத் துணி வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு, "துணி நல்லாத்தானம்மா கீது. காத்துக்கு மண்டையோடு இன்னா, மல்லிப்பூ இன்னா. மீனுங்கதான் பாவம், பேஜாராயிடும்" என்று சொன்னார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பஸ்ஸில் வரும்போது நான் தயார் செய்துவைத்திருந்த வார்த்தைகள் எதுவும் அப்போது வரவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு டிசம்பர் மூன்றாம் தேதி பாகிஸ்தானுடன் யுத்தம் ஆரம்பித்தது. கடற்கரை ஊர்களில் காவல் போட்டார்கள். நேற்று செவ்வாய்க்கிழமை கடல் சற்று அடங்கியிருந்ததால் பொன்னுரங்கம் விடியற்காலையில் மீன்பிடிக்கப் போய்விட்டுக் கரை திரும்பும்போது, காவலுக்கு நின்றவர்கள் கடலிலிருந்து ஒரு மண்டையோடு வருவதைக் கண்டு விசில் ஊதி, அவரைப் பிடித்து, எதிரிக்கு அடையாளம் காட்டியதாகச் சந்தேகப்பட்டு இங்கே கொண்டுவந்தார்கள். இது எனக்குப் பிறகு தெரிந்தது. படம் போட்டது யார் என்று கேட்டதற்கு, "எம் பாயி, நாந்தான் போட்டுக்கினேன்" என்று அவர் சொன்னதாகவும், அப்படியானால் வரைந்து காட்டு என்று சிலேட்டைக் கொடுத்தபோது அவர் வரைந்தது பூசணிக்காய் போல இருந்ததாகவும், அப்போதும் அவர் சொன்னதை மாற்றவில்லை என்றும் கான்ஸ்டபிள் ஏகநாதன் தெரிவித்தார்.

இன்று புதன்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன், தனம் பள்ளி வாசலில் நின்றார். இரண்டாம் முறையாகக் கூடை இல்லாமல் வந்திருந்தார். அண்ணனை மாலையில் செங்கல்பட்டு கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றும், உள்ளே போட்டால் எப்போது விடுவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை என்றும் தெரிவித்தார். "உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. கல்யாணம் ஆவாத பொண்ணு, டேசன் படி ஏறினா ஊரு வாயி சும்மா இருக்காது, நான் பாத்துக்கிறேன்னாரு. எனக்கு மனசு கேக்கல டீச்சரம்மா" என்று சொன்னார்.

நான் தலைமையாசிரியையிடம் விவரம் சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டு, நாடகத்துக்கு அச்சடித்த நிகழ்ச்சி நிரலையும், மீந்த பெயிண்ட் டப்பாவையும், மேடையில் அந்தப் பாயின் முன்னால் மாணவிகள் நிற்கும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு தனத்துடன் இங்கே வந்தேன். பொன்னுரங்கம் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "நீங்க ஏம்மா வந்தீங்க? பஸ்ஸுக்கு நேரமாயிடப் போவுது" என்று சொன்னார். அதன் பிறகு தங்கையைப் பார்த்தார். தனம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் போட்டோவையும் பாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். என்னை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நான் சொன்னதை இடையில் வெட்டாமல் கேட்டார்கள். அதற்கும் நான் நன்றி உடையவள்.

மேலே எழுதியதைக் கான்ஸ்டபிள் ஏகநாதன் உரக்கப் படித்துக் காட்டினார். பொன்னுரங்கத்துக்கு நான் நன்றி சொல்லவில்லை என்ற வரி வந்தபோது தாழ்வாரத்திலிருந்து, "சார், அத்த இன்னொரு தபா படிங்க" என்று குரல் வந்தது. ஏகநாதன் சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். அந்த வரி இரண்டாம் முறை படிக்கப்பட்டது. இதையும் சேர்த்து எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

இதில் உள்ளது நான் சொன்னபடியே இருக்கிறது. பொய்யாக எதையும் கூட்டவில்லை. மாணவியின் பெயரைத் தவிர எதையும் விடவில்லை.

(ஒப்பம்) ஜெ. யூனிஸ்
8.12.1971

பின்குறிப்பு: மேற்படி பொன்னுரங்கம் அன்று மாலையே விடுவிக்கப்பட்டார். யுத்தம் முடியும்வரை விரிப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு பாய் அவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. டிசம்பர் பதினேழாம் தேதி யுத்தம் நின்றது. பதினெட்டாம் தேதி காலை அவர் அதே பாயை விரித்துக்கொண்டு கடலுக்குப் போனார்.