ஒரு துளியில் இரண்டு பேர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கையைப் பிசைந்தபடி இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை மட்டும் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் என் ரத்த வங்கித் தோழர்களே, அக்காவின் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் என் கலங்கிய வணக்கம்.

நம் தலைமைப் பரிசோதகரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதுண்டா? 'மறுபடி அக்கா' என்றுதானே கூப்பிட்டோம்! சரியாக வந்த முடிவையும் மறுபடி பார்க்கச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். இன்று அந்த எரிச்சலுக்கு ஏங்குகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு டீச்சர் ரத்தம் கொடுக்க வந்தார். அவர் ரத்தத்தில் பரிசோதனை மருந்தைச் சொட்டினேன். ஏ வகை என்றால் அணுக்கள் எல்லாம் திரள வேண்டும், ஓ வகை என்றால் ஒன்றுகூடத் திரளக் கூடாது. இங்கோ கொஞ்சம் திரண்டது, மிச்சம் பாட்டுக்கு மிதந்தது. நர்ஸ்தான் இரண்டு பேர் ரத்தத்தைக் கலந்துவிட்டாள் என்று அவளைத் திட்டிவிட்டு, குழாயைக் குப்பையில் போட்டேன். திரும்ப எடுத்தும் அதேதான். தனக்கு என்ன நோயோ என்று டீச்சர் வெளிறிப் போனார். நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா தன் கையாலேயே எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீங்க தனியாவா பொறந்தீங்க?"

ஆமாம் என்றார் டீச்சர். மறுநாள் அவருடைய அம்மா வந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. கூடவே ஓர் ஆண் குழந்தை, மூச்சில்லாமல் பிறந்திருக்கிறது. முகத்தைக்கூடப் பெற்றவளுக்குக் காட்டவில்லையாம். ஐம்பது வருடம் அந்தத் தாய் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

கருவில் இரட்டையரின் ரத்தக் குழாய்கள் அபூர்வமாக இணைந்துவிடுவதுண்டு. அப்படித்தான் அவனுடைய ஏ வகை அணுக்கள் ஓ வகை டீச்சரின் எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறி, அன்றுவரை ரத்தம் ஊறச் செய்துகொண்டிருந்தன. அப்படியானால் நான் குப்பையில் போட்டது யாரை?

அக்கா அந்தத் தாயை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். வெளிச்சத்தில் சிவப்புத் திட்டுகள் மேகம்போல் நகர்ந்துகொண்டிருந்தன.

"கூட்டமா நிக்கிறதெல்லாம் உங்க பையன்மா."

அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

"நல்லா இருக்கானா?"

"அம்பது வருஷமா நல்லா இருக்கான்."

அக்கா, எந்தக் குழாயையும் இனி அவசரப்பட்டு வீசமாட்டோம். இந்தச் சபை முன் வாக்குக் கொடுக்கிறேன்.

இன்று காலை ஒரு குழாய் வந்தது. சுத்தமான ஓ வகை, சந்தேகமே இல்லை. முதுகுக்குப் பின்னால் குரல் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. நானே மறுபடி பார்த்தேன்.