கொழும்பு பார்த்த கட்டி

பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து தெமோதரைக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் மார்ல வெட்டியெடுத்த கட்டிக்குச் சாயம் போடணுமாம் அக்கா," என்றாள் இளையவள்.

"சாயமா? நம்ம தேயிலைச் சாயம் ஆகாதாமா?"

"கிண்டல் பண்ணாதீங்க. கட்டியில ஒரு புரதம் இருந்தா, அதுல மட்டும் ஒட்டுற சாயமாம். ஒட்டுச்சுன்னா இந்தப் புத்துநோய்க்கு மாத்திரை கேக்குமாம்."

"அப்ப போட வேண்டியதுதானே?"

"இங்க இல்லையாம். கட்டியைக் கொழும்புக்கு அனுப்பியிருக்காங்க."

"பாத்தியா, ஒனக்கு முந்தி ஒன் கட்டி கொழும்பு பாத்துருச்சு."

"அங்கயும் சாயம் முடிஞ்சு போச்சாம். வெளிநாட்டுலருந்து வரணுமாம். அதுவரைக்கும் பொறுமையா இருக்கணும்னு டாக்டரு சொன்னாரு."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரைப் பொறுமையா இருக்கச் சொன்னாரு? ஒன்னையா, புத்துநோயையா?"